என் சம்பந்தி ‘ரீச்’ ஆன இடங்கள்

எனக்குப் பேத்தி பிறந்து சில மாதங்கள் ஆகின்றன. இன்னும் நேற்றுப் பிறந்த மாதிரியே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். பால்காரர் என்னைப் பார்த்தாலே சைக்கிளை வேகமாக மிதிக்கிறார். ஆனால் இதை எழுதுவது அவளுடைய இன்னொரு தாத்தாவைப் பற்றி. என் மாப்பிள்ளையின் அப்பா. என் சம்பந்தி.

அவர் லாரி டிரைவர். சீக்கிரம் கெட்டுப்போகிற சரக்கைக் குளிர்பெட்டி வைத்த வண்டியில் ஊர் ஊராகக் கொண்டுபோவார். ஷெட்டில் அவரை ‘ரீச்சண்ணன்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கம்பெனி கொடுத்த போனில் ‘ரீச்டு’ என்று ஒரு பட்டன் இருக்கிறது. சரக்கு இறக்கும் இடத்துக்குப் போனதும் அமுக்க வேண்டும். அமுக்கினால் பச்சையாகும். லேட்டானால் ஆபீஸ் காய்ச்சி எடுத்துவிடும். அதனால் டிரைவர்கள் எல்லோரும் ஃபேக்டரியின் புகைபோக்கி கண்ணில் பட்டதுமே அமுக்கிவிடுவார்கள். சம்பந்தி அதற்கும் மேலே. புகைபோக்கி எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரிந்தாலே போதும், அமுக்கிவிடுவார்.

“வண்டி எங்க நிக்குதுன்னு போன் காட்டாதா?” என்று ஒரு தடவை கேட்டேன்.

“காட்டும் சம்பந்தி. பாக்கத்தான் ஆள் இல்ல. பச்சையா இருந்தா அவங்களுக்குப் போதும்.”

எனக்குப் படிப்பு அவ்வளவு கிடையாது. ரீச் என்றால் சரியாக என்ன அர்த்தம் என்று அவரிடமே கேட்டேன்.

“அது ஆளப் பொறுத்தது. ஆபீசுக்குப் பட்டன அமுக்குனா ரீச். கேட்டுக்காரனுக்குக் கம்பியத் தூக்குனாத்தான் ரீச். என் பொண்டாட்டிக்கு நான் வீட்ல செருப்பைக் கழட்டணும்.”

வீட்டுக்கும் அதே பழக்கம்தான். நடுரோட்டில் இருந்துகொண்டு, “ரீச் ஆயிட்டேன், நீ சாப்பிடு” என்பார். “எந்த ரூமுக்குள்ளங்க பஸ்ஸு ஹாரன் அடிக்குது?” என்று சம்பந்தியம்மா கேட்பார். அந்த அம்மாவும் ஒருநாளும் ‘போய்ச் சேர்ந்தாச்சா’ என்று கேட்டதில்லை. லாரிக்காரன் பொண்டாட்டி வாயில் வரலாமா அந்தப் பேச்சு என்பார். ரீச் ஆயிட்டீங்களா, அவ்வளவுதான்.

என் மாப்பிள்ளை இந்த ‘ரீச்’சைக் கேட்டே வளர்ந்தவர். பள்ளிக்கூட விழாவுக்கு, “கேட்டுக்கிட்ட வந்துட்டேன்டா” என்று அப்பா சொல்வாராம். நாற்காலிகளை அடுக்குகிற நேரத்தில் வருவாராம். மாப்பிள்ளை பிறந்த அன்றைக்கும் சம்பந்தி எங்கேயோ சரக்கு இறக்கிக்கொண்டிருந்தார். பேத்தியையாவது பிறந்த அன்றைக்கே பார்த்துவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். லீவு கேட்டார். லோடுதான் கொடுத்தார்கள்.

பேத்தி பிறந்த அன்றைக்கு அந்த லோடு எங்கள் ஊருக்கே வந்தது. ஃபேக்டரி ஊர்க்கோடியில். வாசலில் லாரிகள் நீளமாக வரிசை கட்டி நிற்பதாக முன்னால் போன டிரைவர்கள் போனில் சொன்னார்கள். மத்தியானம் வரை உள்ளே கூப்பிட மாட்டார்கள் என்று சம்பந்தி கணக்குப் போட்டார். பட்டனை அமுக்கிவிட்டு, வரிசையில் நிற்காமல் வண்டியை ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பினார்.

ஆஸ்பத்திரியில் ஓர் அறைக்கு ஒரு பாஸ்தான். அது மாப்பிள்ளையின் சட்டைப்பையில் இருந்தது. யாராவது கீழே கொண்டுபோய்க் கொடுத்தால்தான் வெளியாள் மேலே வர முடியும். மாப்பிள்ளையின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

“வந்துட்டேன்டா. கேட்டுல நிக்கிறேன். பாஸ எடுத்துட்டு வா.”

“எந்த கேட்டுப்பா? ரயில்வே கேட்டா?”

எல்லோரும் சிரித்தோம். என் மகள் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“ஆஸ்பத்திரி கேட்டுடா. நெசமாத்தான்.”

“சரிப்பா, மெதுவாவே வாங்க.”

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் போன். “டேய், வாட்ச்மேன்கிட்டயே குடுக்கறேன், நீயே கேளு.”

“யாரு, கிளீனரண்ணன வாட்ச்மேன் ஆக்கிட்டீங்களா?” என்று வைத்துவிட்டார்.

“எதுக்கும் நான் போய்ப் பாத்துட்டு வரேன் மாப்ள” என்றேன்.

“நீங்க வேற மாமா. அப்பாவோட கேட்டு எனக்குத் தெரியாதா? பாப்பாவக் கொஞ்சுங்க.”

கொஞ்சினேன். உள்ளங்கையில் என் விரலைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள். பிறகு நர்ஸ் வந்து அவளைப் பால் குடிக்க வாங்கிக்கொண்டபோது, பாஸைக் கேட்டு வாங்கிக்கொண்டு கீழே இறங்கினேன்.

“காக்கிச் சட்டை போட்ட டிரைவரா?” என்றார் வாட்ச்மேன். “இவ்வளவு நேரம் இந்தத் திட்டுலதான் உக்காந்திருந்தாரு. பேத்தி பொறந்திருக்கு, பேத்தி பொறந்திருக்குன்னு வர்றவன் போறவன்கிட்டெல்லாம் சொல்லிட்டு. ஆபீஸ்ல இருந்து போன் வந்துச்சு. வரிசை நகர்ந்திருச்சாம், வண்டியக் காணோம்னு கத்துனாங்க. ஓடுனாரு. பாஸ் இல்லாம நான் விட முடியாதுங்களே.”

போகாத ஃபேக்டரிக்கு அவர் வந்துவிட்டார் என்று நம்பியிருந்தார்கள். வந்து உட்கார்ந்திருந்த இடத்தில் ஒருத்தரும் நம்பவில்லை.

மேலே போனால், மாப்பிள்ளை போனில் பேசிக்கொண்டிருந்தார். சம்பந்தியின் குரல் மூச்சு வாங்கியது.

“இல்லடா, நான் எங்க வந்தேன்? சும்மா சொன்னேன். மேம்பாலத்துலயே மாட்டிக்கிட்டேன். லோடு அவசரம், இன்னிக்கு வர முடியாது. பாப்பா யார் சாடைடா?”

“அம்மா சாடைப்பா.”

“அப்ப தப்பிச்சா” என்று வைத்துவிட்டார்.

“பாத்தீங்களா மாமா? நான் சொன்னேன்ல?”

வாட்ச்மேன் சொன்னதைச் சொன்னேன். மாப்பிள்ளை என் கையிலிருந்து பாஸைப் பிடுங்கிக்கொண்டு படியிறங்கி ஓடினார். யாருக்குக் கொடுக்க ஓடினாரோ.

சம்பந்தி ஃபேக்டரிக்குப் போவதற்குள் அவர் முறை கழிந்து, சரக்கை எடுக்க மாட்டோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஷெட்டில் எல்லோரும் அமுக்குகிற பட்டன்தான். மாட்டியது இவர். பட்டனை அமுக்கி ஏமாற்றுகிறவன் என்று சொல்லி, ஆபீஸ் அவரைத் தொலைதூர லைனில் போட்டது. வீட்டுக்கு வருவதே அபூர்வமாகிவிட்டது. அப்பா போன் வந்தால் மாப்பிள்ளை இப்போது கிண்டல் பேசுவதில்லை. கிண்டல் பேசாததால் அவர்களுக்குள் பேச்சே குறைந்துவிட்டது.

போன வாரம்தான் சம்பந்தி முதல்முறையாகப் பேத்தியைப் பார்க்க வந்தார். சோப்புப் போட்டு முழங்கை வரை தேய்த்துக் கழுவிவிட்டுக் குழந்தையை வாங்கினார். அவளுக்கு வேற்றுமுகம் தெரிய ஆரம்பித்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள், வீறிட்டாள். மாப்பிள்ளை எழுந்து வெளியே போய்விட்டார். நான் கையை நீட்டியதும் என்னிடம் தாவினாள், அழுகை நின்றது.

“புது ஆளுல்ல” என்றார் சம்பந்தி. சட்டையில் அவள் எச்சில் பட்ட இடத்தைத் துடைக்காமல் உட்கார்ந்திருந்தார்.