சிவப்பு முள் நின்ற இடம்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் வீட்டில் பொழுது விடிவதே என் மூச்சில்தான். எழுந்ததும் அம்மா என்னை நிமிர்ந்து நிற்க வைத்து, கையில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் குழாயைக் கொடுப்பாள். மூச்சின் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர். அதன் முதுகில் நானூறு வரை எண்கள். எண்களை ஒட்டி ஓடும் ஒரு சிவப்பு முள். முள்ளை அடிக்குத் தள்ளிவிட்டு, மூச்சை நிறைய இழுத்து, உதட்டை இறுக்கி, படாரென்று ஒரே மூச்சில் ஊத வேண்டும். காற்று தள்ளிய இடத்தில் முள் நின்றுவிடும். மூன்று முறை ஊதி, அதில் பெரிய எண்ணை அம்மா நோட்டில் எழுதுவாள்.

எனக்கு இளைப்பு, ஆஸ்துமா. நல்ல நாளில் நான் ஊதிய அதிகபட்சம் இருநூற்று நாற்பது. அதை வைத்து ஆஸ்பத்திரியில் குழாயின் மேல் மூன்று நிற நாடா ஒட்டிக் கொடுத்திருந்தார்கள். நூற்றுத் தொண்ணூறுக்கு மேல் பச்சை, ஓடலாம், ஆடலாம். அதற்குக் கீழே மஞ்சள், மூச்சு மருந்து அடைத்த நீல பம்பை வாயில் வைத்து இழுத்துவிட்டு வீட்டில் கிடக்க வேண்டும். நூற்றிருபதுக்கும் கீழே போனால் சிவப்பு, உடனே ஆட்டோ பிடிக்க வேண்டும்.

சில காலைகளில் நான் குழாயை எடுக்கும்போதே முள் மேலே ஏறி நிற்கும். “முள்ளத் தள்ளி வையின்னு எத்தன மட்டம் சொல்லுதது?” என்று அம்மா குட்டுவாள். தள்ளித்தான் வைத்தேன் என்றால் இன்னொரு குட்டு விழும். எலி ஊதியிருக்கும் என்று நானே சமாதானம் செய்துகொள்வேன்.

அந்த வருடம் மாதா திருவிழாவுக்கு எங்கள் தெரு வள்ளங்களையெல்லாம் தோரணம் கட்டி மந்திரித்து, பிள்ளைகளை ஏற்றிக் கடலில் ஒரு சுற்று கூட்டிப்போவதாக இருந்தது. ஏழு நாள் தொடர்ந்து பச்சையில் ஊதினால் நானும் போகலாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். வள்ளத்தின் முன்முனையில் உட்கார்ந்து பள்ளிக்கூடத் தோழிகளுக்குக் கை காட்டுவதை நான் அன்றே ஒத்திகை பார்த்துவிட்டேன். மூன்று நாள் பச்சை. நான்காம் நாள் கச்சான் காற்று கிளப்பிய புழுதியில் நூற்றெழுபது. அம்மா நோட்டை எடுக்கக் குனிந்தபோது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் மாமா வந்தார். அம்மாவின் தம்பி, எங்கள் பின்னறையில் இருந்தவர், சங்கு குளிக்கிறவர். வள்ளத்தில் ஓடும் கம்ப்ரசரிலிருந்து வரும் ரப்பர் குழாயைக் கடித்துக்கொண்டு கடலடியில் சங்கு பொறுக்குவார். அந்தக் குழாய் சும்மா ஊருக்காகத்தான், தனக்குத் தேவையே இல்லை என்று அளப்பார். சங்கு நிறைய வாரிய நாளில் ஒன்றின் முனையை உடைத்து, கரை கேட்க ஊதிக்கொண்டே வருவார். மற்ற ஊரில் சங்கு ஊதுவது சாமிக்கும் சாவுக்கும். எங்கள் மாமாவுக்குப் பெருமைக்கு. ஓயாமல் இருமுவார். கேட்டால் உப்புத் தண்ணி இருமல் என்பார்.

“இன்னும் ரெண்டு மட்டம் இருக்குல்லா, அழாத. சங்கு ஊதுத மாதிரி ஊதுளா. கன்னத்த உப்பி, நாக்க வச்சி அடைச்சிக்கிட்டு, தூன்னு துப்பு” என்று காதில் சொன்னார்.

துப்பினேன். இருநூற்றுத் தொண்ணூறு! அம்மா குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மாதாவுக்கு நன்றி சொல்லி எழுதிக்கொண்டாள். ஐந்தாம் நாளும் அப்படியே. ஆறாம் நாள் காலை என் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்தத் தொடங்கியிருந்தது. முள் மட்டும் இருநூற்றுத் தொண்ணூறில் நின்றது. அம்மா காதை என் முதுகில் வைத்துக் கேட்டாள். நோட்டைப் பார்த்தாள். “நம்பரு நல்லாத்தான இருக்கு” என்று பம்பைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டாள்.

மதியத்துக்குள் என்னால் ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியவில்லை. மாமாதான் என்னைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினார். ஆஸ்பத்திரியில் நர்ஸ் குழாயைக் கொடுத்ததும் அந்த நிலையிலும் நான் சங்கு ஊதினேன். அவர் ஒரே பார்வையில் பிடித்துவிட்டார். “துப்பாத பாப்பா, ஊது.” ஊதினேன். நூற்றுப் பத்து.

மருந்துப் புகை வரும் முகமூடியை எனக்கு மாட்டினார்கள். நான் முகமூடியோடு படுத்தபடியே கையை மட்டும் நீட்டி மாமாவைக் காட்டிக்கொடுத்தேன். அம்மா அவர் பக்கம் திரும்பினாள்.

“எம்பிள்ளைக்கிச் சங்கு ஊதப் பாத்தியால? பெரிய குளியாளுல்லா நீ, ஊதுல பாப்போம்!”

மாமா சிரித்து மழுப்பினார். அம்மா விடவில்லை. மாமா ஊதியதும் நர்ஸ் தலையை ஆட்டி, “துப்பாதீங்க அண்ணாச்சி” என்றார். பிறகு மாமா நேராக ஊதினார். மூன்று முறை ஊதினார். மூன்றிலும் பெரியது இருநூற்றைம்பது.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கடலடியில் நடக்கிற மாமா என் நல்ல நாள் எண்ணைவிடப் பத்தே பத்துதான் கூட! நர்ஸ் சிரிக்கவில்லை, டாக்டரைக் கூட்டி வந்தார். அம்மா சட்டென்று சத்தத்தை நிறுத்திக்கொண்டு மாமாவின் சட்டைக் கையைப் பிடித்தபடி நின்றாள். கோபம் முற்றினால் அம்மா அப்படித்தான் பேசாமல் நிற்பாள் என்று நினைத்தேன்.

அதன்பின் மாமா கடலுக்குப் போகவில்லை. எனக்குத் திருட்டு வித்தை கற்றுக்கொடுத்ததற்கு அம்மா கொடுத்த தண்டனை அது என்றே பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். சரியான தண்டனைதான் என்றும் நினைத்தேன். இப்போது அவர் சங்கு சேர்த்து வைக்கும் ஒரு கிட்டங்கியில் உட்கார்ந்து சங்கு தரம் பிரிக்கிறார். சட்டைப்பையில் பம்பு இருக்கிறது.

கல்லூரியில் சேர்ந்த வருடம் எனக்குப் பெரியவர்களுக்கான மீட்டர் வாங்கினோம். அதில் எண்கள் எண்ணூறு வரை. இளைப்புக்காரி நானே முதல் நாள் முந்நூற்றெண்பது ஊதினேன். ஊதிவிட்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். மாமா மாதிரி வளர்ந்த ஆள், நெஞ்சில் நோயில்லாமல் ஊதினால் என் பழைய குழாயில் முள் நானூறில் போய் முட்டியிருக்க வேண்டும். அந்தக் காலைகளில் ஏறி நின்ற முள்ளும் ஞாபகம் வந்தது. ஊதியது எலி இல்லை. நான் எழுவதற்கு முன் அவர் என் குழாயை எடுத்துத் தனியாக ஊதிப் பார்த்திருக்கிறார். எண் ஏறாத ஏதோ ஒரு நாளில்தான் சங்கு ஊதுவதுபோல் துப்பிப் பார்த்திருப்பார். கடலுக்குப் போக அவருக்கும் ஒரு நல்ல எண் வேண்டியிருந்தது.

நான் சங்கு ஊதிய அந்த வருடத் திருவிழா அன்று நாங்கள் இருவரும் கரையில் உட்கார்ந்திருந்தோம். தோரணம் கட்டிய வள்ளங்கள் எங்கள் இருவரையும் விட்டுவிட்டுப் போயின. மாமா முந்திரி மக்ரூன் மிட்டாய்ப் பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தி, கண்ணைக் கடலிலிருந்து எடுக்காமலே, “உள்ளபடி ஊதுனா உனக்கு எவ்வளவுளா வரும்?” என்று கேட்டார்.

“இருநூத்தி நாப்பது. இன்னும் பத்துதான் மாமா, அடுத்த மாசம் உங்களத் தோக்கடிச்சிருவேன்” என்று கைதட்டினேன்.

அவர் என் தலையைத் தடவி, “தோக்கடிச்சிரு” என்றார்.