லூர்தம்மாவின் இடது கன்னம்

என் மனைவி லூர்தம்மா மாட்டேன் என்றால் மாட்டேன்தான். மாதா கோயில் சுவாமியார் வந்து கெஞ்சினாலும் அசையமாட்டாள். முகவாதம் வந்து இடது கன்னம் தொங்கி, வாய் கோணிய நாளிலிருந்து அவளை யாராலும் போட்டோ எடுக்க முடியவில்லை. மகள் சுஜீவாவுக்கு ஆவணியில் கல்யாணம்.

"கோயிலுக்கு வாறன். போட்டோவுக்கு மட்டும் நிக்கமாட்டன்" என்றாள்.

"அம்மா இல்லாத கல்யாண அல்பம் எனக்கென்னத்துக்கு?" என்று பிள்ளை அழுதது. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. கத்திப் பார்த்தேன். ம்ஹும்!

அவளுக்கு இங்கே ஜெர்மனியில், டுசல்டோர்ஃபில் ஓர் ஓவியக் கூடத்துக் கன்ரீனில் வேலை. அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கோட்டோவியங்களைக் கண்காட்சியாக வைத்திருந்தார்கள். அந்தக் காலத்து ஓவியர்கள் பெரிய படம் வரையுமுன், சந்தையிலும் வயலிலும் கண்ட சனங்களைப் பென்சிலால் கீறிப் பழகிய தாள்கள். சனிக்கிழமைகளில் யூலியா என்ற ஆசிரியை அவற்றின் முன்னால் ஒருவரை இருத்தி, வருகிறவர்களைக் கொண்டு அவரைக் கீறவைப்பாள். லூர்தம்மாவையும் கேட்டாள். பக்கவாட்டில் இருந்தால் நல்ல கன்னம் மட்டும்தானே தெரியும் என்று இவள் சம்மதித்துவிட்டாள்.

அன்றைக்கு அவள் போன கோலத்தைப் பார்க்கவேண்டும்! கல்யாணக் கூறைச்சேலை, அட்டியல், தலையில் பூ, முகம் நிறையப் பவுடர். எங்கள் ஆட்களுக்கு இப்படி ஒன்றுக்குச் சும்மா போக மனம் வருமா? என்னை யாரும் கேட்கவில்லை, ஆனாலும் நான் கோட்டுப் போட்டுக்கொண்டு கூடப் போனேன்.

யூலியா திகைத்துப்போனாள். "அழகாக இருக்கிறீர்கள். ஆனால் எனக்குக் கிழங்கு சீவுகிற லூர்தம்மாதான் வேண்டும், இவளைப் போல" என்று சுவரிலிருந்த ஒரு தாளைக் காட்டினாள்.

துணி துவைக்கிற பெண் ஒருத்தி. பெயர் எழுதவில்லை. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. ஓவியர் அதை மறைக்காமல் வலமாக, இடமாக, நேராக என்று மூன்று தரம் கீறியிருந்தார்.

லூர்தம்மா கனநேரம் பார்த்தாள். "இஞ்சேருங்கோ, இவவுக்கும் என்னைமாதிரித்தான். ஆனா நேராய்ப் பாத்துக்கொண்டிருக்கிறா."

பிறகு சேலைக்கு மேலேயே ஏப்ரனைக் கட்டி, கிழங்கொன்றைக் கையிலெடுத்து, எல்லாருக்கும் நேராக இருந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆவணியில் கோயில் வாசலில் போட்டோக்காரப் பெடியன், "அக்கா, கொஞ்சம் இடப்பக்கம் திரும்புங்கோ, கன்னம் தெரியாது" என்றான்.

"நேராய் எடுங்கோ தம்பி. சுஜீவான்ர அம்மா நானெண்டு தெரியவேணுமெல்லோ" என்றாள்.

யூலியாவுக்குப் பலகாரம் கொண்டுபோய்க் கொடுத்தோம். துணி துவைத்தவளுக்கு என்ன கொடுப்பது? ஞாயிற்றுக்கிழமை அவளுக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுக்கச் சொன்னேன். சுவாமியார் பெயர் கேட்டார்.

"பெயர் தெரியாது சுவாமி" என்றேன். "எங்கட ஆள்தான்."