செஞ்சி மலையில் செருப்பில்லாமல்

செஞ்சிக் கோட்டையின் உச்சியில் அன்று நான் எவ்வளவு நேரம் நின்றேன்? ஐந்து நிமிடமா, அரை மணியா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அப்போது எனக்கு எட்டு வயது. பாண்டிச்சேரிப் பக்கம் உறுவையாறு கிராமத்தில் எங்கள் வீட்டைச் சுற்றி நெல்லும் கரும்பும்தான். மேடு என்று சொல்ல வரப்பைத் தவிர வேறு கிடையாது. பாடப்புத்தகத்தில் கோட்டைப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து நச்சரித்துக்கொண்டிருந்தேன். முழுப்பரீட்சை லீவில் மாமா, அம்மாவின் தம்பி, தன் வேனில் என்னையும் அம்மாவையும் அழைத்துப்போனார்.

“பாண்டிச்சேரியிலருந்து போன பிரெஞ்சுக்காரன் புடிச்சு வச்சிருந்த கோட்டைபா இது. எங்க ஊர்க்காரங்களுக்கே டிக்கெட்டா?” என்று வாசலில் மாமா கேட்டார். டிக்கெட் கொடுப்பவர் சிரிக்காமல் இரண்டைக் கிழித்துத் தந்தார்.

ராஜகிரி அடிவாரத்தில் அம்மா செருப்பைக் கழற்றினாள். மலை என்றால் எங்களுக்குத் திருப்பதி, திருவண்ணாமலை, மயிலம். ஏறுவது சாமி பார்க்கத்தான்.

“இன்னாக்கா, இது கோட்டைக்கா!”

“இருந்தா இன்னாடா? மேல கோயில் இருக்குன்னு நீதான சொன்ன? மலைக்கு யாராவது செருப்போட ஏறுவாங்களா?”

மூன்று ஜோடியும் வேனுக்குள் போயின.

காலையில் படிகள் குளிர்ந்திருந்தன. மாமா மராட்டியர், முகலாயர் என்று ஒவ்வொருவராகக் கோட்டைக்குள் அனுப்பிக்கொண்டே ஏறினார். உச்சிக்குக் கொஞ்சம் கீழே பாறை பிளந்து ஆழமாக இறங்குகிறது. அதன்மேல் சின்னப் பாலம். அந்தக் காலத்தில் அது மரப்பாலமாம். இழுத்துவிட்டால் நாலு பேர் ஒரு படையையே வெளியே நிறுத்தலாமாம்.

நாங்கள் அங்கே போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறிவிட்டது. பாறை சுட்டது. மாமா கிடைத்த நிழலில் உட்கார்ந்து, “என்னால ஆகாதுக்கா” என்றார். நான் அழ ஆரம்பித்தேன். கால் சுட்டதற்காக மட்டும் அல்ல. இறங்கலாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று.

அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். எட்டு வயதுப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு பாலத்தைக் கடந்து ஏறினாள். உச்சியில் மூச்சு வாங்க இறக்கி, “என் கால் மேல ஏறி நில்லுடி” என்றாள்.

நின்றேன். கீழே கல்யாண மகால் பொம்மை மாதிரி இருந்தது. நெற்களஞ்சியம், குதிரை லாயம், குளம், மலைக்கு மலை ஓடிய மதில். மகாலின் அடுக்குகளை எண்ணினேன். தப்பாகிவிட்டதென்று மறுபடி எண்ணினேன்.

“உனக்குச் சுடலையாமா?”

“எனக்கு இன்னா, மரக்கட்டை காலு. நீ பாரு.”

நான் நம்பினேன். பள்ளி திறந்ததும் தோழிகளிடம் பெருமையாகவும் சொன்னேன். மலையிலிருந்து வந்தபின் ஒரு வாரம் அம்மா குதிகாலால் நடந்தாள். கரும்புக் கட்டை குத்திவிட்டது என்றாள். அதையும் நம்பினேன்.

போன மாதம் என் மகளோடு அதே உச்சிக்குப் போனேன். தொப்பி, குளுக்கோஸ், இரண்டு ஜோடி மாற்றுச் செருப்பு எல்லாம் பையில். எதையோ மறந்துவிட்டேன் என்ற பயத்தோடுதான் ஏறினேன். மேலே போனதும், யாரும் பார்க்காதபோது செருப்பைக் கழற்றிப் பாறையில் கால் வைத்தேன். பத்து எண்ண முடியவில்லை.

“இன்னாமா, டான்ஸ் ஆடற?” என்று மகள் சிரித்தாள்.

அம்மா இன்றும் யார் வந்தாலும் அந்த நாளைச் சொல்வாள். “இவ எறங்கவே மாட்டேன்னுட்டா. கண்ணு நெறைய பாத்தா” என்று முகமெல்லாம் மலரச் சொல்வாள். காலைப் பற்றி ஒரு வார்த்தை வராது. எனக்குத் தெரியும் என்று சொல்லி மன்னிப்புக் கேட்கத் தோன்றுகிறது. கேட்டால் அந்தச் சந்தோஷத்தில் கை வைத்ததாகிவிடுமோ என்றும் தோன்றுகிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அம்மா என் வீட்டுக்கு வருகிறாள். படிக்கிறவர்கள் சொல்லுங்கள்: கேட்கட்டுமா, பேசாமல் இருக்கட்டுமா?