ஸுல்பிகாவின் பால் உம்மா

1978 நவம்பரில் சூறாவளி அடித்து ஓய்ந்தபோது, கல்முனையில் எஸ்தரின் வீட்டில் எஞ்சியது மூன்று சுவர்களும் ஒரு தையல் மெஷினும்தான். மூத்த பிள்ளை கிருபாவுக்கு அப்போது நான்கு மாதம். கணவர் சாமுவேல் தச்சு வேலை செய்பவர். விழுந்து கிடந்த தென்னைகளை வெட்டி வழியெடுக்க ஊராருடன் போயிருந்தார்.

பின்வளவில் புடவைக் கடை மீராசாவின் வீடு. அவருடைய மனைவி ஹாஜறாவுக்குப் பெண்குழந்தை பிறந்து பத்து நாளே ஆகியிருந்தது. ஹாஜறா கடும் காய்ச்சலில் கிடந்தாள், பால் வற்றிவிட்டது. கடைகளின் கூரையெல்லாம் பறந்து, பால்மா எங்கும் கிடைக்கவில்லை. குழந்தைக்கு இரண்டு நாளாகச் சீனித் தண்ணீர்தான். மூன்றாம் நாள் அதன் அழுகைச் சத்தமே மெலிந்துவிட்டது.

மீராசா குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து நின்றார்.

“தங்கச்சி, கேக்க வாய் வருகுதில்ல. புள்ள போயிரும் போல இரிக்கி.”

எஸ்தருக்கு முதலில் வந்தது இரக்கம் அல்ல, பயம். அவள் சாப்பிடுவதே ஒரு வேளைக் கஞ்சி. கிருபாவுக்குப் பால் போதுமா என்பதே சந்தேகமாக இருந்தது. பல வருடங்களுக்குப் பிறகும் அவள் இதை மறைக்காமல் சொல்வாள்: “இல்லையெண்டு சொல்லத்தான் வாயத் துறந்தன். அதுக்குள்ள அவர் புள்ளய என்ட கையில வெச்சிட்டார்.”

அன்றிலிருந்து இரண்டு மாதம் இரண்டு பிள்ளைகளுக்கும் பால் கொடுத்தாள். பால் குறையவில்லை. ஞாயிறு பாடசாலையில் ஆறு வருடமாகக் கடவுளின் அன்பைப் பற்றிப் படிப்பித்தவள் அவள். கர்த்தர் அளந்து கொடுக்கிறவரல்ல என்பதைத் தன் உடம்பில்தான் முதன்முதலில் கண்டதாகச் சொன்னாள்.

ஹாஜறா குணமடைந்தாள். தங்கள் மார்க்கப்படி, ஒரே தாயிடம் பால் குடித்த இந்தப் பிள்ளைகள் இனிச் சகோதரிகள் என்று மௌலவி சொன்னதாக மீராசா வந்து அறிவித்தார். ஸுல்பிகா என்று பெயர் வைக்கப்பட்ட அந்தப் பிள்ளை, பேச்சு வந்ததும் எஸ்தரை, பால் கொடுத்த அம்மா என்ற பொருளில், ‘பால் உம்மா’ என்று கூப்பிட்டது. கிருபா சாப்பாட்டுக்கு முன் ஜெபிக்கும்போது அப்பா, அம்மா, ஸுல்பிகா என்ற வரிசையில் பெயர் சொல்லப் பழகினாள்.

1985 சித்திரையில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே கலவரம் மூண்டது. எஸ்தரின் அண்ணன் தேவராசாவின் வீடு எரிந்தது. அவர், மனைவி பிள்ளைகளுடன் தங்கை வீட்டுக்கு வந்து சேர்ந்தார். மீராசாவின் வளவுப் பக்கம் இருந்த பின்வேலியைச் சாமுவேலே தகரம் வைத்து அடைத்தார்.

முதல் நாள் சாப்பாட்டில் கிருபா வழக்கம்போல ஸுல்பிகாவின் பெயரைச் சொன்னாள். தேவராசா சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டு எழுந்து போனார்.

எஸ்தர் மகளைக் குசினிக்குள், அடுப்படிக்குக் கூப்பிட்டாள். “மாமா இஞ்ச இருக்கிற வரைக்கும் அந்தப் பேர விடு புள்ள.”

“அவ என்ட தங்கச்சியெண்டு யேசப்பாவுக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“அப்ப ஏன் ஒளிக்கிற?”

எஸ்தர் அவளை அறைந்தாள்.

பிள்ளை அழவில்லை. அதன்பிறகு அந்த இடம் வரும்போது சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தாள். எஸ்தர் ஒவ்வொரு நாளும் ஜெபத்துக்கு மூடிய கண்ணைத் திறந்து அந்த உதட்டைப் பார்த்தாள். இரண்டு மாதம் அப்படியே போனது. ஒருநாள் காலை, மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தவள் பின்னலை நிறுத்திவிட்டுச் சொன்னாள்:

“அம்மா அண்டைக்கு உனக்கு அடிச்சது பிழை. என்ன மன்னிச்சிரு.”

“ஓம் அம்மா,” என்றாள் கிருபா, உடனே. “அப்ப இண்டைக்கு அங்க போவமா?”

அவ்வளவுதான். ஏன் அடித்தாய் என்று அவள் கேட்கவேயில்லை. மன்னிப்புக் கேட்டு எத்தனையோ முறை முழங்காலில் நின்றிருந்த எஸ்தர், மன்னிப்பு இவ்வளவு சுளுவாகக் கிடைக்கும் என்று ஒருபோதும் நம்பியிருக்கவில்லை.

அவள் சேலை மாற்றிக்கொண்டு வெளிக்கிட்டாள். வாசலில் தேவராசா மறித்தார். “நீ அங்க போனா நான் இந்த வீட்டில இருக்க மாட்டன்.”

“அண்ணன், உங்கட வீட்ட எரிச்சது அந்தப் புள்ள இல்லையே.”

மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, ஊர் பார்க்க, பெரிய ரோட்டால் மீராசாவின் வீட்டுக்குச் சுற்றி நடந்தாள். கதவைத் திறந்த ஹாஜறா அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். “அக்கா, இவள் ஸுல்பிகா உங்களக் கேட்டுக் கேட்டு எங்களக் கொல்லுறாள். நாங்க உங்கட வாசலுக்கு வரப் பயந்து கிடந்தம்.”

மீராசா, எரிந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு என்று துணி வெட்டிக் கொடுத்தார். தேவராசா அதைத் தொடவில்லை. அவருடைய மனைவி வாங்கி எஸ்தரிடம் தைக்கக் கொடுத்தாள். அடுத்த கிழமையே தேவராசா குடும்பத்துடன் மட்டக்களப்புக்குப் போய்விட்டார். இரண்டு வருடம் கடிதமும் இல்லை. எஸ்தர் அதற்காக அழுதாள். ஆனால் தான் ஹாஜறா வீட்டுக்குப் போனது பிழை என்று ஒருபோதும் சொல்லவில்லை.

1987 நத்தாருக்கு, கிறிஸ்து பிறந்த நாளன்று, தேவராசா சொல்லாமல் தங்கை வாசலில் வந்து நின்றார். ஸுல்பிகாதான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எத்தனையாம் வகுப்பு என்று கேட்டார். நாலு என்றாள். அவர் தேத்தண்ணியை முழுவதும் குடித்தார்.