பாடு விழுந்த ஞாயிற்றுக்கிழமை

பிள்ளைகளே, போன வாரம் நீங்கள் இரண்டு பேரும் போனில் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். மூத்தவளுக்கு ஆஸ்பத்திரியில் ஞாயிற்றுக்கிழமை டூட்டி. இளையவனுக்கு மீஞ்சூர் கம்பெனியில் ஞாயிறு ஷிப்ட். "நைனா, ஆராதனைக்குப் போவாம வேலைக்குப் போனா தப்பா?" என்று கேட்டீர்கள். சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் இருந்தது. பதில்தான் நீளம். அதனால் எழுதுகிறேன். பத்தாவது படித்து, இரண்டு வருஷம் வேதபாடசாலைக்குப் போனவன் எழுத்து இது. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நாம் இந்த ஏரிக்கரை ஊருக்கு வந்த முதல் மழைக்காலத்தில் நடந்தது. நீங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தீர்கள், உங்களுக்குத் தெரியாது. நான் திருப்பாலைவனத்துப் பக்கம் வயல் வேலை செய்தவர்கள் வீட்டில் பிறந்தவன். வயலில் ஞாயிற்றுக்கிழமை நிறுத்திய வேலையைத் திங்கட்கிழமை தொடரலாம். நெல் எங்கேயும் ஓடிப்போகாது. அந்த அறிவை வைத்துக்கொண்டுதான் மீன் பிடிக்கிறவர்களுக்கு ஓய்வுநாளைப் பற்றிப் பிரசங்கம் பண்ணினேன்.

நம் சபையில் பாட்டுக்கு டோலக் அடிக்கிற அண்ணனை உங்களுக்குத் தெரியும். அவரும் அவர் மனைவியும்தான் அந்தக் குடும்பத்தில் சபைக்கு வந்தவர்கள். மனைவியின் அண்ணன், அதாவது அவருடைய மச்சான், கோயில் திருவிழாவில் முன்னால் நிற்கிற ஆள். சாமி வேறாக இருந்தாலும் வலை ஒன்று. இரண்டு பேரும் சேர்ந்துதான் ஏரிக்குப் போவார்கள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் டோலக் அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"பாஸ்டர், நாளைக்கு முகத்துவாரத்தாண்ட எங்களுக்குப் பாடு விழுந்துகீது."

"நாளைக்கு ஞாயிற்றுக்கிழமையாச்சே."

"அதான் கேக்கலாம்னு வந்தேன்."

"திங்கக்கிழமை போங்களேன்."

அவர் சிரித்துவிட்டார். "திங்கக்கெழம வேற ஆளு பாடு, பாஸ்டர்."

பாடு என்றால் என்ன என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். போதகர் ஒரு விஷயம் தெரியாது என்று சொல்லலாமா என்று எனக்கு ஒரு எண்ணம். அதனால் கேட்கவில்லை. "கர்த்தருக்கு ஒரு நாளைக் கொடுக்க மாட்டீங்களா?" என்று மட்டும் கேட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "குடுக்கலாம் பாஸ்டர்" என்று போய்விட்டார்.

மறுநாள் வந்தார். டோலக் அடித்தார். நான் பிரசங்கத்தின் நடுவில் அவரை எழுந்து நிற்கச் சொல்லி, "ஏரியை விட்டுட்டு ஆண்டவரிடம் வந்தவர்" என்று சபைக்குக் காட்டினேன். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். அவர் மனைவி மட்டும் பாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆராதனை முடிந்ததும் அந்த அம்மா என்னிடம் வந்தார். "பாஸ்டர், எங்க அண்ணங்கிட்ட இவரு சொல்லவேயில்ல. அது விடிகாலத்துலயே போயி கழிய நட்டுகினு, இடுப்பளவு தண்ணில நின்னுகினு இருந்துச்சாம், இவரு வருவாரு வருவாருன்னு" என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம்தான் சபை மூப்பரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. ஊர்க்கூட்டத்தில் சீட்டுக் குலுக்கி, இந்த நாளில் இந்த இடம் இந்த வலைக்கு என்று முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பேர். ஒரு ஆளால் வலை கட்ட முடியாது. வெயில் ஏறுவதற்குள் கட்டவில்லை என்றால் இடம் அடுத்த வலைக்குப் போய்விடும். மறுபடி நல்ல இடம் எப்போது விழும் என்று யாரும் சொல்ல முடியாது. மழைத் தண்ணீர் இறங்கி, ஏரி கடலில் சேருகிற முகத்துவாரத்துப் பக்கம் இறால் திரும்புகிற நேரம் அது. அடுத்த வலைக்காரருக்கு அன்றைக்கு அள்ள அள்ள இறால். படகில் வைக்க இடம் இல்லாமல் வேட்டியில் கட்டிக்கொண்டு வந்தார்கள் என்று மூப்பர் சொன்னார். சொல்லும்போது அவருக்கே வாய் ஊறியது.

புதன்கிழமை டீக்கடையில் மச்சான் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டார்: "இனிமே அவரு என் வலைல வேணாம். நான் வேற ஆள் பாத்துக்கறேன்." வலையில் ஜோடி இல்லாதவருக்கு ஊர்க்கூட்டத்தில் பங்கு இருந்தும் பிரயோஜனம் இல்லை. டோலக் அண்ணன் கூலிக்கு மீஞ்சூர் பக்கம் போக வேண்டியதுதான். அவர் என்னிடம் வந்து ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நான் மச்சானைத் தேடிக் கரைக்குப் போனேன். படகு நிழலில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருந்தார்.

"இன்னா சாமி, வெயில்ல இவ்ளோ தூரம்?"

"உங்க மச்சான் விஷயமா வந்தேன்."

"அது எங்க வூட்டு விஷயம்."

"எனக்கும் அதுல பங்கு இருக்கு."

அவர் ஊசியை நிறுத்தினார். "பங்கா? சரி, பங்கப் பத்தியே பேசலாம். ஒரு நாள உங்க சாமிக்குக் குடுத்தாராம். குடுக்கட்டும், நல்லது. அவரு பங்க அவரு குடுக்கட்டும். எம்பங்க யாரைக் கேட்டுக் குடுத்தாரு? என் சாமிக்கு நான் கெடா வெட்னா, உங்க வூட்டு ஆட்டப் புடிச்சாந்தா வெட்றேன்?"

நான் வெயிலை விட்டுப் படகு நிழலுக்குள் வந்தேன்.

"அவர் மேல தப்பில்ல. நான்தான் போக வேணாம்னு சொன்னேன். பாடுன்னா என்னன்னு எனக்குத் தெரியாது."

"தெரியாமயா சொன்னீங்க?"

"தெரியாமத்தான்."

அவர் சிரித்தார். "கேட்டிருந்தா சொல்லியிருப்பனே சாமி. கேக்கறதுக்கு வாய் வலிக்குதா?" பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "ஒண்ணு சொல்லுங்க. அடுத்த தபா ஞாயித்துக்கெழம விழுந்தா அவரு வருவாரா, மாட்டாரா? நீங்கதான் சொல்லணும். அவரு உங்க மூஞ்சியத்தான் பாப்பாரு."

"வருவார்."

"இங்க சொல்லிட்டு உங்க சபைக்குள்ள போயி மாத்திக்கினா?"

"சபையில எல்லாருக்கும் எதிர்ல சொல்றேன்."

"அப்போ சொல்லுங்க. அப்பால பாக்கலாம்" என்று ஊசியை மறுபடி எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். போன வாரம் நான் ஒருவரை எழுப்பி நிறுத்திப் பாராட்டியது தவறு என்றேன். என் நாளை நான் கர்த்தருக்குக் கொடுக்கலாம், பக்கத்தில் தண்ணீரில் நிற்கிறவனுடைய நாளை எடுத்துக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை என்றேன். பாடு விழுந்தவர்கள் போகலாம், அவர்களுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஜெபம் வைக்கிறேன் என்றும் சொன்னேன்.

மூப்பருக்குப் பிடிக்கவில்லை. "இன்னிக்குப் பாடுன்னு உட்டா, நாளைக்குக் கல்யாணம்னுவானுங்க, அப்பால கிரிக்கெட்டுன்னுவானுங்க, பாஸ்டர்" என்றார். பின்னால் இருந்து ஒரு அம்மா, "எங்க வூட்ல துணி தோய்க்கிற மொறையும் ஞாயித்துக்கெழமதான் வருது பாஸ்டர், நானும் சனிக்கெழமயே ஜெபம் பண்ணிக்கவா?" என்று கேட்டார். சபையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் மூப்பர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. பாடு இல்லாத நாளிலும் பாடு என்று சொல்லிவிட்டுத் தூங்கினவர்கள் பிற்பாடு உண்டு.

டோலக் அண்ணனை மச்சான் மறுபடி வலையில் சேர்த்துக்கொண்டார். ஒரு மாசம் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். ஆனால் சேர்த்துக்கொண்டார்.

ஆகவே, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போவது தப்பா என்று எனக்கு ஒரே வார்த்தையில் சொல்லத் தெரியவில்லை. நீ போகாவிட்டால் உன் இடத்தில் யார் நிற்க வேண்டியிருக்கும் என்று முதலில் பார்த்துக்கொள். அவர்களைக் கேட்டாயா என்று பார். யாரையும் தண்ணீரில் நிறுத்தாமல் வர முடிகிறது என்றால், சோம்பலை டூட்டி என்று சொல்லாமல் வந்துவிடு. இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இதை உங்கள் அம்மாவுக்கும் சொன்னதில்லை. பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை டோலக் அண்ணனுக்கும் மச்சானுக்கும் மறுபடி பாடு விழுந்தது. அன்றைக்கு டோலக் இல்லாமல் பாட்டு இழுத்துக்கொண்டே போனது. ஆராதனை முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு நான் கரைக்கு நடந்தேன். அவர்கள் படகு கரையில் ஏறியிருந்தது. இரண்டு பேரும் இறாலைத் தூக்கிக்கொண்டு ஐஸ் வண்டிக்குப் போயிருந்தார்கள். அவர்கள் திரும்பி வந்து சுத்தம் பண்ண வேண்டிய வலை பாசியோடு குவியலாகக் கிடந்தது. சுற்றிலும் ஆள் இல்லை. வெள்ளை அங்கியைக் கழற்றி மடித்துப் படகுப் பலகையில் வைத்துவிட்டு, மணலில் உட்கார்ந்து, வலையில் சிக்கியிருந்த பாசியைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க ஆரம்பித்தேன்.