அப்பா என்னை யோசனை கேட்ட காலம்

எனக்கு ஒன்பது வயதானபோது வீட்டில் திடீரென்று பெரிய பதவி கிடைத்தது. அப்பா எதற்கெடுத்தாலும் என்னை யோசனை கேட்க ஆரம்பித்தார். அதுவரை அம்மாவையே ஒரு வார்த்தை கேட்காதவர் அவர். கோவில்பட்டிக்குக் கிழக்கே எங்கள் ஊரில், முதல் மழைக்கு அப்பா எதை விதைக்கிறார் என்று பார்த்துவிட்டுத்தான் பக்கத்துப் புஞ்சைக்காரர்கள் விதை எடுப்பார்கள். அப்படிப்பட்டவர் ஒருநாள் காலையில் இரண்டு சட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏட்டி, வெள்ளையா நீலமா? நீயே சொல்லு" என்றார். நீலம் என்றேன். போட்டுக்கொண்டார். போட்ட சட்டையோடு மறுபடி கட்டிலில் படுத்துவிட்டார்.

இது ஏதோ விளையாட்டு என்று எடுத்துக்கொண்டேன். குளிக்கவா வேண்டாமா, சோறா கூழா, எல்லாம் என்னிடம்தான் வரும். கேட்கும்போது அவர் சிரிப்பதில்லை. அது மட்டும் எனக்கு இடித்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தாலும் படுத்த இடத்திலேயே கிடப்பார். செம்பு செம்பாகத் தண்ணீர் குடிப்பார், ஒன்றுக்குப் போக மட்டும் எழுந்திருப்பார்.

அம்மா முதலில் சோம்பல் என்று திட்டினாள். பிறகு மிளகாய் சுற்றிப் போட்டாள். கடைசியில் கோவில்பட்டிக்குக் கூட்டிப் போனாள். டாக்டர் சர்க்கரை என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். அன்றே அம்மா சீனி டப்பாவை அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். ஆனால் மனிதர் வாடிக் கிடக்கிறாரே, தெம்பு வேண்டாமா? மூன்று வேளையும் கருப்பட்டிக் காப்பி. கருப்பட்டி சர்க்கரைக்கு ஒன்றும் செய்யாது என்பது ஊரே ஒத்துக்கொண்ட வைத்தியம். கொண்டுபோய்க் கொடுப்பது நான்.

"குடிக்கவாட்டி?"

"குடிங்கப்பா."

புரட்டாசிக் கடைசியில் நல்ல மழை. ஈரம் காய்வதற்குள் விதைத்தாக வேண்டும். பக்கத்துப் புஞ்சைக்காரர் வாசலில் வந்து நின்று, "அண்ணாச்சி, இந்த வருசம் என்ன போடுதீங்க?" என்றார். அப்பா என்னைப் பார்த்தார். பூ அழகாயிருக்கும் என்று சூரியகாந்தி என்றேன். தலையாட்டினார். மறுநாள் அதையே மறுபடி கேட்டார். நேற்றுச் சொன்னதையே இன்றும் சொன்னால் விளையாட்டில் என்ன இருக்கிறது? பருத்தி என்றேன். அதற்கு மறுநாள் உளுந்து. ஊரெல்லாம் விதைத்து முடித்தது. எங்கள் புஞ்சை மட்டும் வெறுமனே கிடந்து வெடிப்பு விட்டது.

அம்மா மண்வெட்டியை முற்றத்தில் வீசினாள். "மூணு உசுரு என்னத்தத் திங்கப் போவுது?" அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரா, சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. பயமாக இருந்தது.

அடுத்த முறை டாக்டரிடம் என்னையும் கூட்டிப் போனார்கள். அம்மா சட்டைக் கதை, விதைக் கதை எல்லாம் சொன்னாள். சீனியைக் கண்ணில்கூடக் காட்டுவதில்லை, கருப்பட்டிதான் என்று பெருமையாகச் சொன்னபோது டாக்டர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. ரத்தத்துல இம்புட்டுச் சர்க்கரை கெடந்தா ஆளு எங்கன எந்திரிப்பாரு? மனசும் சேந்து படுத்துக்கிச்சு. எது வேணும்னு முடிவெடுக்கவே அவருக்குச் சத்தில்ல. சோம்பேறின்னு வையாதீங்க."

சர்க்கரைக்கு மாத்திரையை மாற்றிவிட்டு, மனசுக்கும் ஒன்று எழுதினார். விழுங்கினால் வயிற்றுக்குத்தானே போகும், மனசுக்கு எப்படிப் போகும் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். ஒன்றும் விளங்கவில்லை.

வீட்டில் கருப்பட்டி நின்றது. கார்த்திகையில் ஒரு காலை, நான் தலை வாரிக்கொண்டிருந்தபோது அப்பா விதைப்பெட்டியை எடுத்தார். "பிந்துன மழைக்குக் கொத்தமல்லி போட்டுருவோம்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு விறுவிறுவென்று புஞ்சைக்கு நடந்தார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தப்புத் தப்பாகப் பதில் சொன்னதால் என்னைப் பதவியிலிருந்து எடுத்துவிட்டார் என்று நினைத்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடுப்படிக்கு ஓடினால், அங்கே அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் வெகுநேரம் அழுதோம். அவளுக்கும் அப்பா மேல் என்னைப் போலவே வருத்தம் என்றுதான் நினைத்தேன்.