அண்ணாச்சியின் கண்கள்

துக்க வீட்டுக்குள் நுழைந்ததும் அண்ணாச்சி முதலில் அண்ணாந்து மின்விசிறியைத்தான் பார்ப்பார். சுற்றிக்கொண்டிருந்தால் சுவிட்சைத் தேடிப் போய் நிறுத்திவிடுவார். வேர்த்து வழிய உட்கார்ந்திருக்கும் உறவுக்காரர்கள் அவரை முறைப்பார்கள். காற்றுப் பட்டால் இறந்தவரின் விழி காய்ந்துபோகும், பிறகு அது யாருக்கும் உதவாது என்பதையெல்லாம் அவர் அந்த நேரத்தில் விளக்கிக்கொண்டிருக்க மாட்டார். முறைக்கிறவர்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தலைமாட்டில் போய் உட்கார்ந்து, இமைகள் சரியாக மூடியிருக்கின்றனவா என்று பார்ப்பார். இமைமேல் வைக்கிற ஈரப் பஞ்சு சட்டைப் பைக்குள் பொட்டலமாக இருக்கும். வீட்டார் சம்மதித்த பிறகுதான் அது வெளியே வரும். பஞ்சு என் மருந்துக் கடையிலிருந்து போவது என்பதால் பல வீடுகளுக்கு நானும் கூடப் போயிருக்கிறேன்.

அவருக்குத் தொழில், ராஜபாளையத்தில் மோட்டார்களுக்குக் காயில் கட்டுவது. எங்கள் சேவைச் சங்கத்தில் கண்தானப் பொறுப்பு அவருடையது. தலைவர், செயலாளர் பதவிகளுக்கு ஆடி மாதமே அடிபிடி தொடங்கிவிடும். மேடையில் மாலை யாருக்கு முதலில் என்பதற்காக முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு ஒரு வருடம் பேசாமல் இருந்தவர்கள் உண்டு. கண்தானப் பொறுப்புக்கு மட்டும் போட்டியே வந்ததில்லை. "இவரு நம்மள நலம் விசாரிச்சாலே வயித்தக் கலக்குதுய்யா" என்று உறுப்பினர்கள் கேலி செய்வார்கள். அவரும் சிரிப்பார். ஆனால் உறுப்பினர் யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால் உள்ளே போய்ப் பார்க்க மாட்டார். ஆரஞ்சுப் பையை என்னிடம் கொடுத்தனுப்பிவிட்டு வாசலில் வேப்பமரத்தடியில் நிற்பார். நோயாளி தன்னைப் பார்த்துப் பயந்துவிடக் கூடாது என்ற பயம் அவருக்கு.

வத்திராயிருப்பில் ஒரு வீட்டில் நடந்ததை அவரால் கடைசிவரை மறக்க முடியவில்லை. இறந்தவரின் மனைவி வேண்டாம் என்று சொன்ன பிறகும் எங்கள் ஆட்கள் விடவில்லை. ஆளுக்கு ஒரு பக்கம் நின்று புண்ணியம், பெருமை என்று பேசிப் பேசிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். கண் எடுக்கப்பட்டது. அதற்குப் பிறகு அந்த அம்மாள் அண்ணாச்சியை எங்கே பார்த்தாலும், சந்தையானாலும் பஸ்ஸானாலும், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கிவிடுவார். அன்றிலிருந்து சங்கத்தில் அவர் ஒரு விதி வைத்தார். "ஒரு தடவதான் கேக்கணும். இல்லன்னாங்கன்னா கும்பிட்டுட்டு எந்திரிச்சு வந்துரணும். ரெண்டாந் தடவ கேட்டா அது கேக்கிறது இல்ல, பிடுங்கிறது" என்பார். மற்ற எதிலும் ஒன்றுபடாத எங்கள் சங்கம் இந்த ஒன்றில் மட்டும் ஒழுங்காக இருந்தது.

எங்கள் சங்கத்துக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. செய்தி என்பது நடப்பதற்கு முன்பே தயாராகிவிடும். "கூட்டம் இனிதே நடைபெற்றது, தேசிய கீதத்துடன் நிறைவுற்றது" என்று செயலாளர் மத்தியானமே எழுதி வைத்துவிடுவார். சாயங்காலம் கூட்டத்துக்கு ஆள் வராமல் போனாலும் வாட்ஸப் குழுவில் அது இனிதே நடந்திருக்கும். பிறந்தநாள், திருமண நாள், நலத்திட்டம் எல்லாம் அப்படித்தான். இதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை, அண்ணாச்சி சாகும்வரை.

ஒரு காலை நேரம், கடையில் மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தியபோது நான்தான் மின்விசிறியை நிறுத்தினேன். மனைவி முன்பே போய்விட்டார். ஒரே மகள் ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்டவள், அவள் வந்து சேர வேண்டும். சில மணி நேரத்துக்குள் கண்ணை எடுத்தாக வேண்டும் என்பதால் மதுரைக்குப் போன் போட்டோம். அங்கிருந்து வேனும் கிளம்பிவிட்டது. ஊரெல்லாம் போய்க் கேட்டவர் வீட்டிலேயே கேட்க வேண்டும் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. செயலாளர் வழக்கம்போல் எழுதிப் போட்டுவிட்டார். அண்ணாச்சியின் படம், படத்துக்குக் கீழே, "கண்கள் தானமாக வழங்கப்பட்டன. இருவருக்கு ஒளி தந்தார்."

மகள் காரில் வந்துகொண்டிருக்கும்போதே அது அவள் கணவனின் போனுக்கு வந்துவிட்டது. வந்து இறங்கியவள் முதலில் ஓடிப் போய் அப்பாவின் இமையைத்தான் தொட்டுப் பார்த்தாள். கண் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் அவளுக்கு அழுகையே வந்தது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அண்ணாச்சி கேட்கிற மாதிரியே மெதுவாகக் கேட்டேன்.

"அப்பாவுக்கு ஆசை தாயி. நீ சரின்னா மட்டும்."

"கடைசியா என்ன ஒரு தடவ பாக்காமலே போயிட்டாவ சித்தப்பா. நான் வந்து சேருறதுக்குள்ள கண்ணையும் குடுத்தாச்சுன்னு போன்ல போட்டுட்டீங்க. இப்ப எங்கிட்ட எதுக்குக் கேக்கிறீங்க? குடுக்க மாட்டேன், போங்க."

கும்பிட்டுவிட்டு எழுந்தேன். மதுரை வேன் வந்து தெருமுனையில் நின்றது. அதில் வந்த இளம் டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். செயலாளர் என் கையைப் பிடித்து, "இன்னொரு தடவ கேட்டுப் பாருங்களேன், இவருக்கே இப்படியா?" என்றார். கேட்க எனக்கும் துடித்தது. ஆனால் அண்ணாச்சி உடம்பு கிடக்கிற வீட்டிலேயே அவர் பேச்சை எப்படி மீறுவது? யாராவது வந்து கூப்பிட மாட்டார்களா என்று தெருமுனையில் வேன் பக்கத்திலேயே நின்றோம். யாரும் வரவில்லை. நேரம் கடந்ததும் வேன் திரும்பிப் போனது.

அந்தச் செய்தியை அழிக்கச் சொன்னேன். "நல்ல விஷயந்தானே, விடுங்க" என்றார் செயலாளர். அழித்திருந்தாலும் பயனில்லை. அதற்குள் அது தளவாய்புரம் தாண்டிப் போயிருந்தது. இரங்கல் கூட்டத்தில் அதையே பேனராக அடித்துக் கட்டினார்கள். நான் எழுந்து உண்மையைச் சொல்லப் போனால் அவர் மகளின் பெயர்தான் கெடும். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கைதட்டினார்கள்.

சில மாதம் கழித்து ஒரு வேலையாக ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் போயிருந்தபோது அவளைப் பார்த்தேன். மெலிந்திருந்தாள். நான் நலம் கேட்கும் முன்பே அவள் பேசத் தொடங்கிவிட்டாள்.

"எங்க தெருவுல எல்லாரும் என்னக் கையெடுத்துக் கும்பிடுதாங்க சித்தப்பா. பக்கத்து வீட்டு அக்கா, ஒங்கப்பா கண்ண யாருக்கு வச்சாங்க, போய்ப் பாத்தியாட்டின்னு கேக்குதா. நான் என்னத்தச் சொல்ல?"

அவள் என்னைக் கூட்டத்தைவிட்டுத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினாள்.

"அன்னிக்குக் கோவத்துலதான் அப்படிச் சொல்லிட்டேன். அழுது முடிச்ச பொறவு மனசு மாறிருச்சு. நானா வந்து எப்படிச் சொல்ல? நீங்க இன்னொரு தடவ வருவீங்கன்னு வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன். ஏன் சித்தப்பா வரல?"

நாங்கள் அவ்வளவு நேரமும் தெருமுனையில்தான் நின்றுகொண்டிருந்தோம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.